கியூஆர் சான்றிதழை வாசலிலேயே சரிபார்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு கிளினிக்கில் கணினி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள். இல்லையென்றால், நிரல் எழுதத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு, பழக்கமான டாக்டர் ஒருவர் “நாங்க கொடுக்குற சான்றிதழ்ல ஒரு கியூஆர் போட்டுக் கொடு தம்பி” என்று கேட்டிருப்பார். டைபாய்டு ஊசிச் சான்றிதழ், எம்சி (நோய் விடுப்புச் சான்றிதழ்), வேலைக்கான உடல்நலச் சான்றிதழ் என எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதியது.

கியூஆர் போடுவது ஐந்து நிமிட வேலை. இணையத்தில் இலவசமாகவே உருவாக்கித் தருகிறார்கள். போலிச் சான்றிதழ் செய்பவருக்கும் அதே ஐந்து நிமிடம்தான் ஆகும். தாளின் மூலையில் கட்டம் கட்டமாக ஒரு படம் இருப்பதால் மட்டும் அந்தத் தாள் உண்மையாகிவிடாது. ஒருவர் அதை ஸ்கேன் செய்து, வந்த பதிலைப் புரிந்துகொண்டு, எதிரே நிற்பவரின் ஐசியோடு (அடையாள அட்டையோடு) ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தக் குறியீட்டுக்கு வேலையே. அது அவருக்குச் சிரமமாக இருந்தால் ஸ்கேன் செய்யவே மாட்டார். தாளைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டுவிடுவார். அதனால் சான்றிதழ் கொடுக்கும் டாக்டரின் மேசையை மறந்துவிட்டு, அதைச் சரிபார்ப்பவரின் கையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

1. வாசலுக்குப் போய்ப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாள்பவர்கள் மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு ஊசியை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். புது ஆள் வேலைக்கு வரும் நாளில் அவருடைய சான்றிதழைப் பார்ப்பவர் கடை மேலாளர். மதியக் கூட்ட நேரம், கையில் ஈரம், பழைய ஆண்ட்ராய்டு போன்.

இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை வாசல். ஷிஃப்ட் மாறும் நேரம், வரிசை நீளம். காவலர் நேபாளத்திலிருந்து வந்தவராக இருக்கலாம்; மலாய் கொஞ்சம் பேசுவார், படிப்பது மெதுவாகத்தான். மூன்றாவதாக, கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஒரு மனிதவள அலுவலகம்: எம்சியைப் பார்க்க நேரமுண்டு, இணையம்தான் விட்டு விட்டு வரும்.

ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன் இவர்களில் ஒருவரோடு அரை மணி நேரம் நில்லுங்கள். என்ன போன் வைத்திருக்கிறார், அங்கே இணையம் கிடைக்கிறதா, ஒரு ஆளுக்கு எத்தனை விநாடி ஒதுக்க முடியும், பதிலைப் பார்த்ததும் அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாவற்றையும் இந்த நான்கு பதில்களே தீர்மானிக்கும்.

2. இணைப்பா, கையொப்பமிட்ட தரவா?

கியூஆருக்குள் வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கிளினிக்கின் இணையதளத்துக்குப் போகும் முகவரி. ஸ்கேன் செய்தால் பக்கம் திறக்கும், “இந்தச் சான்றிதழ் உண்மையானது” என்று காட்டும். எல்லாப் போன் கேமராவும் இதைப் படிக்கும். குறியீடும் சிறியதாக இருக்கும். குறை என்னவென்றால், போலி செய்பவர் தன்னுடைய கியூஆரில் தன்னுடைய தளத்தின் முகவரியை வைத்துவிடுவார். அதே சின்னம், அதே பச்சை நிறம், அதே வாசகம். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை வரிசையில் நிற்கும் காவலர் எப்படிக் கவனிப்பார்?

இரண்டாவது வழி, தகவலையே குறியீட்டுக்குள் வைத்து அதன்மேல் டிஜிட்டல் கையொப்பம் இடுவது. கிளினிக்கிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கும். அதைக் கொண்டுதான் கையொப்பம் போட முடியும். அதற்கு இணையான பொதுச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதைக் கொண்டு சரிபார்க்க மட்டுமே முடியும். தகவலில் ஒரு தேதியை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. பொதுச் சாவி போனில் ஏற்கெனவே இருந்தால் இணையமே தேவையில்லை.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழ் இந்த இரண்டாவது வகை. நம் அரசின் மைசெஜாத்ரா செயலி தந்த கோவிட் சான்றிதழை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் தன்னுடையதற்கு இணையானதாக ஏற்றுக்கொண்டது. அந்த ஐரோப்பிய ஏற்பாட்டைத்தான் 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டு உலகளாவிய சான்றிதழ் வலையமைப்பாக நடத்துகிறது. அங்கே நாடுகள் பகிர்ந்துகொள்வது பொதுச் சாவிகளை மட்டுமே. யாருடைய உடல்நலத் தகவலும் ஜெனிவாவுக்குப் போவதில்லை. ஒரு சின்ன கிளினிக்குக்கும் இதே தத்துவம் போதும்.

கையொப்பமிட்ட தரவிலும் ஒரு தொல்லை இருக்கிறது. சாதாரணக் கேமராவால் படித்தால் புரியாத எழுத்துக் குவியல்தான் தெரியும். “குறியீடு கெட்டுப்போச்சு” என்று நினைத்துவிடுவார்கள். இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு கலப்பு வழி: சரிபார்க்கும் பக்கத்தின் முகவரியை முதலில் வைத்து, அதன் பின்னால் # அடையாளம் போட்டு, கையொப்பமிட்ட தரவை அதற்குப் பிறகு சேர்ப்பது. # அடையாளத்துக்குப் பின்னால் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்பாது. பக்கம் போனுக்குள்ளேயே கையொப்பத்தைச் சோதித்துப் பதில் சொல்லும். தனியாகச் செயலி இறக்க வேண்டியதில்லை. பக்கத்தை ஒருமுறை திறந்து போனில் சேமித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் ஓடும்.

போலித் தளத்தின் பிரச்சினை? அதற்கு வாசலில் ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்: வந்தவரின் கியூஆர் எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போகக் கூடாது. உங்கள் போனில் ஏற்கெனவே வைத்திருக்கும் சரிபார்ப்புப் பக்கத்தை முதலில் திறந்து, அதற்குள் இருக்கும் கேமராவால் ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போது முகவரிப் பகுதியில் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை. பக்கம் கையொப்பத்தை மட்டும்தான் பார்க்கும். உலாவிக்குள் கேமரா திறக்க வேண்டுமானால் தளம் எச்டிடிபிஎஸ் (https:// என்று தொடங்கும்) முகவரியில் இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வழியையே எடுக்கிறீர்கள் என்றால், முகவரியின் கடைசியில் 1001, 1002 என்று வரிசை எண் போடாதீர்கள். ஒருவர் எண்ணை மாற்றி மாற்றித் தட்டியே மற்ற நோயாளிகளின் சான்றிதழ்களைப் பார்த்துவிடுவார்.

3. உள்ளே எதை வைப்பது

குறைவாக வையுங்கள். கையொப்பம் என்பது மாற்ற முடியாதபடி செய்யுமே தவிர, மறைத்து வைக்காது. குறியீட்டைப் படமெடுத்த யாரும் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் கூடுதல் கவனம் தேவைப்படும் தரவு என்ற வகையில் வருகிறது. எம்சியில் நோயின் பெயர் எதற்கு? முதலாளிக்குத் தேவை, இந்த ஆளுக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓய்வு என்பது மட்டும்தான். ஐசியின் 12 இலக்கங்களையும் வைக்க வேண்டாம்; கடைசி நான்கு போதும். பெயரும் பிறந்த தேதியும் கூட இருப்பதால் ஒப்பிட அதுவே தாராளம்.

அப்புறம், நடந்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். “தகுதியானவர்”, “செல்லுபடியாகும்” என்றெல்லாம் குறியீட்டுக்குள் பூட்டி வைத்தால், விதி மாறும்போது அத்தனை சான்றிதழையும் திரும்ப அச்சடிக்க வேண்டியிருக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் முன்பு பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்று பன்னாட்டு விதி மாறியது. ஐரோப்பாவில் கோவிட் ஊசிக்கு 270 நாள் வரம்பு 2022 பிப்ரவரியில் புதிதாக வந்தது. எந்த ஊசி, எத்தனையாவது தவணை, எந்தத் தேதி, மருந்தின் எந்தத் தயாரிப்புத் தொகுதி, யார் போட்டது என்ற விவரங்கள் மாறுவதில்லை. அவற்றைச் சான்றிதழில் வையுங்கள். “மூன்று ஆண்டு ஆகிவிட்டதா” என்ற கணக்கைச் சரிபார்க்கும் பக்கம் போடட்டும்.

தேதியை உள்ளே 2025-03-04 என்ற வடிவில் சேமியுங்கள். திரையில் காட்டும்போது மாதத்தைப் பெயராகவே எழுதுங்கள், “4 மார்ச் 2025” என்று. 04/03 என்று போட்டால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் அதை ஏப்ரல் 3 என்று படிக்க வாய்ப்புண்டு.

4. பெயரில் கவனம்

நம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடையாள அட்டையில் “குமரன் ஏ/எல் முனியாண்டி” என்று இருக்கும். ஏ/எல் என்றால் இன்னாரின் மகன், ஏ/பி என்றால் மகள். கிளினிக் மென்பொருளில் “முதற்பெயர்”, “குடும்பப் பெயர்” என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் ஒருநாள் முனியாண்டியைக் குடும்பப் பெயர் ஆக்குவார். இன்னொரு நாள் “ஏ/எல் முனியாண்டி” என்று முழுதாகப் போடுவார். மூன்றாவது நாள் ஏ/எல்லை விட்டுவிடுவார். சில மென்பொருள்கள் சாய்கோட்டையே ஏற்காது, “ஏஎல்” என்று ஒட்டிக்கொண்டு வரும். ஏ/பி போடும் பெண்களுக்கும் இதே கதைதான். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் எழுத்து, எண், < குறி தவிர வேறு எதுவும் வரக்கூடாது. அதனால் அங்கே சாய்கோடு இருக்கவே இருக்காது. கடைசியில் ஒரே மனிதருக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். ஸ்கேனில் பச்சை வந்தாலும், பெயர் பொருந்தவில்லை என்று அவரை ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி ஏ/எல், ஏ/பியோடு அப்படியே ஏற்றுங்கள். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) படிக்கும் கருவி இருந்தால் தட்டச்சே வேண்டாம். பயணத்துக்கான சான்றிதழ் என்றால் கடப்பிதழைக் கேட்டு வாங்கி அதிலுள்ள பெயரைப் போடுங்கள். சான்றிதழை அச்சிடும் முன் திரையைத் திருப்பி, “உங்க பேரு, பிறந்த தேதி சரியா இருக்கா பாருங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் கவுண்டரில் இருந்தால், வாசலில் வரும் தகராறில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். சரிபார்க்கும் பக்கத்தில் பெயரைப் பெரிய எழுத்தில், வெட்டாமல் இரண்டு வரியானாலும் முழுதாகக் காட்டுங்கள். “குமரன் ஏ/எல் மு...” என்று புள்ளி வைத்து நிறுத்துவது உதவாது.

5. அளவு, அச்சு, ஒளி

கியூஆரில் 1 முதல் 40 வரை பதிப்புகள் உண்டு. முதல் பதிப்பில் ஓர் ஓரத்துக்கு 21 கட்டம். ஒவ்வொரு பதிப்புக்கும் நான்கு கட்டம் கூடி, நாற்பதாவதில் 177 ஆகிறது. தகவல் கூடக் கூடக் கட்டம் சின்னதாகும். 35 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சடித்தால், பத்தாவது பதிப்பில் (57 கட்டம்) ஒரு கட்டம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், நாற்பதாவதில் 0.2 மில்லிமீட்டர்தான். பழைய போன் கேமரா இரண்டாவதைப் படிக்காது. தகவலைக் குறையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

கையொப்ப முறையும் இடத்தை அடைக்கும். ஆர்எஸ்ஏ என்ற பழைய கையொப்ப முறையில் 2048 பிட் சாவியின் கையொப்பம் மட்டும் 256 பைட். ஐரோப்பிய கோவிட் சான்றிதழிலும் அமெரிக்காவில் பரவலான ஸ்மார்ட் ஹெல்த் கார்டு என்ற உடல்நலச் சான்றிதழிலும் பயன்படுத்திய நீள்வட்ட வளைவு முறையில் 64 பைட் போதும். பாதுகாப்பில் குறைவில்லை, அதையே எடுங்கள்.

எழுத்து வகையையும் பாருங்கள். எண்கள் மட்டும் இருந்தால் கியூஆரில் இடம் மிகக் குறைவாகப் பிடிக்கும். எண்களும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் சில குறிகளும் சேர்ந்த 45 எழுத்து வகை அடுத்தது. சிறிய எழுத்து வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு பைட் செலவாகும். ஐரோப்பியர்கள் அந்த 45 எழுத்துக்கே தரவை மாற்றினார்கள். ஸ்மார்ட் ஹெல்த் கார்டு எல்லாவற்றையும் எண்களாக்கியது. # முகவரி முறையில் எண்களாக்குவதுதான் வசதி, ஏனென்றால் 45 எழுத்து வகையில் இடைவெளியும் % குறியும் உண்டு. முகவரியில் அவை சிக்கிக்கொள்ளும். முகவரி ஒரு வகையிலும் தரவு வேறு வகையிலுமாக ஒரே குறியீட்டுக்குள் கலக்கலாம். நல்ல நிரல் நூலகங்கள் இதைத் தாமாகவே செய்யும்.

பிழை திருத்த அளவு, அதாவது குறியீட்டில் எவ்வளவு பகுதி கெட்டாலும் படிக்க முடியும் என்பது, நான்கு வகை: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம். தாளில் கொடுக்கிறீர்கள் என்றால் 25 சதவீதத்தை எடுங்கள். பர்ஸில் மடங்கிக் கசங்கினாலும் படிக்கும். டாக்டர் கட்டாயம் கேட்பார், “நடுவுல நம்ம கிளினிக் லோகோ போடலாமா?” என்று. பணிவாக மறுத்துவிடுங்கள். லோகோ மறைக்கும் ஒவ்வொரு கட்டமும் அந்தத் திருத்த அளவிலிருந்துதான் கழிகிறது. கசங்கலுக்கு வைத்த சேமிப்பு அழகுக்குப் போய்விடும். லோகோவைத் தாளின் தலைப்பில் வைக்கலாம்.

குறியீட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் வேண்டும். தாள் மடிக்கும் கோட்டின் மேல் வைக்காதீர்கள். பளபளக்கும் லேமினேட் உறை கடை விளக்குக்குக் கீழே கண்ணாடி போல மின்னும்; மங்கலான உறை நல்லது. போனில் காட்டுவதற்குப் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். இரவுத் தோற்றம் வைத்திருப்பவர்களுக்கும் குறியீட்டின் பின்னணி வெள்ளையாகவே இருக்கும்படி செய்யுங்கள். கறுப்பு வெள்ளை தலைகீழானால் சில ஸ்கேனர்கள் திணறும்.

6. பதில் திரை

திரையில் முதலில் தெரிய வேண்டியது பதில். அடுத்து பெயர், பிறந்த தேதி, ஐசியின் கடைசி நான்கு இலக்கம். அப்புறம் ஊசியும் தேதியும். கடைசியில் கொடுத்த கிளினிக். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், பச்சை சிவப்பு பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். பெரிய சரிக்குறி, பெருக்கல் குறி, அதோடு மலாயில் ஒரு சொல். தமிழ், ஆங்கிலம், நேபாளி வேண்டுமென்றால் மொழிப் பொத்தான் வையுங்கள்.

“பிழை” என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். குறியீடு படிக்க முடியவில்லை, கையொப்பம் பொருந்தவில்லை, இந்தக் கிளினிக்கின் சாவி நம் பட்டியலில் இல்லை, ஊசிக் காலம் முடிந்துவிட்டது என்று நான்கு நிலைகள் உண்டு. முதலாவதற்குத் தாளைச் சமமாகப் பிடித்தால் போதும். இரண்டாவதுதான் போலியாக இருக்கக்கூடியது. மூன்றாவதற்குப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். நான்காவது, அந்த மனிதர் உண்மையானவர், ஊசிதான் திரும்பப் போட வேண்டும். இந்த நான்கையும் ஒரே சிவப்பில் காட்டினால், கசங்கிய தாள் வைத்திருந்த நேர்மையான தொழிலாளியைப் போலிச் சான்றிதழ்க்காரர் என்று வாசலில் நிறுத்தி வைப்பார்கள். கவலை தருவது இதுதான்.

சரிக்குறிக்குக் கீழே “இப்போது ஐசியைப் பார்க்கவும்” என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இன்னொருவரின் உண்மையான சான்றிதழைக் காட்டினாலும் கையொப்பம் பொருந்தத்தான் செய்யும்.

7. சாவியும் கவுண்டர் கடவுச்சொல்லும்

2021 அக்டோபரில் ஐரோப்பாவில் ஹிட்லர், மிக்கி மவுஸ் பெயர்களில் கோவிட் சான்றிதழ்கள் சுற்றின. ஸ்கேன் செய்தால் சரி என்றே வந்தது. கையொப்பத்தின் கணிதம் உடையவில்லை, சான்றிதழ் கொடுக்கும் பக்கத்தில் இருந்த ஓட்டைதான் காரணம். எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும், சான்றிதழ் உருவாக்கும் திரையின் கடவுச்சொல்லை கவுண்டர் கணினியில் ஒரு மஞ்சள் சீட்டில் ஒட்டி வைத்தால் அதே நிலைதான். ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கணக்கு, யார் எப்போது எதைக் கொடுத்தார் என்ற பதிவு, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வையுங்கள். ரகசியச் சாவி அந்தக் கணினியில் இருக்கவே கூடாது. சாவிக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, அதைச் சான்றிதழுக்குள் சேருங்கள். பிறகு சாவியை மாற்றினாலும் பழைய சான்றிதழ்கள் எந்தச் சாவியைச் சேர்ந்தவை என்று பக்கத்துக்குத் தெரியும். தவறாகக் கொடுத்ததை ரத்து செய்ய ஒரு பட்டியலும் வேண்டும். அதில் பெயர் வராது, சான்றிதழ் எண் மட்டும்.

8. ஸ்கேன் ஆகாத நாளுக்கு

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு நாள் போன் அணைந்திருக்கும், தாள் மழையில் நனைந்திருக்கும். அன்றாடக் கூலிக்கு வருபவருக்கு அந்த ஒரு ஸ்கேன் ஒரு நாள் சம்பளம். கூச்சப்பட்டு எதிர்த்துக் கேட்காமல் திரும்பிப் போய்விடுபவர்களே அதிகம். ஆகவே கியூஆருக்குக் கீழே, கண்ணால் படிக்கும்படி, ஒரு சின்னச் சான்றிதழ் எண்ணை அச்சிடுங்கள். பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும், ஒன்றையும் ஐ எழுத்தையும் அதில் கலக்காதீர்கள். சரிபார்க்கும் பக்கத்தில் அந்த எண்ணோடு பிறந்த தேதியும் சேர்த்துத் தட்டினால் பதில் வர வேண்டும். அதுவும் முடியாதபோது அழைப்பதற்குக் கிளினிக்கின் தொலைபேசி எண் பக்கத்திலேயே இருக்கட்டும். இரவு ஷிஃப்ட் நேரத்தில் அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்கிறாரா என்று கிளினிக்கில் கேளுங்கள். இல்லையென்றால், எத்தனை மணி வரை எடுப்பார்கள் என்பதையும் எண்ணோடு சேர்த்து அச்சிடுங்கள்.